கெமாஸிலிருந்து சாப்பிட வந்தார்

என் நண்பன் லோரிக்காரனுக்கு நான்கு சாப்பாடு ஆக்கத் தெரியும். நான்கையும் அவன் பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டான். ஐந்தாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளும் அவசியம் பிறகு வரவில்லை. பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியைத் தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓட்டிக்கொண்டு, வழியில் கிடைத்ததைத் தின்று, ஐம்பதைத் தாண்டிவிட்டான். அந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் சம்மதத்தை வாங்க வேண்டிய நிலை அவனுக்கு வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். மலேசியாவில் லாபு பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ஒருவன் லோரிக்காரன். இன்னொருவன் பாய். அவனுடைய அத்தா தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்து, எங்கள் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை போட்டவர். பாய் இப்போது நீலாய் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். ரொட்டி சானாய் போட ஓர் ஆள், தேநீர், காப்பி என்று தண்ணீர் கலக்க ஓர் ஆள், எல்லோரையும் திட்ட அவன். மூன்றாவது ஆள் நான். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் புரியாமல் உட்கார்ந்திருந்து, இரண்டாம் படிவத்தின் பாதியில் வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு சிங்கப்பூரில் சாரம் கட்டினேன், பேராக்கில் இறால் குளத்துக்குக் காவல் இருந்தேன், கிள்ளானிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலின் சமையலறையில் கொஞ்ச காலம் இருந்தேன். எங்கும் என்னை யாரும் துரத்தவில்லை. எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் இடம் சூடாகிவிடும். இப்போது சிரம்பானில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். அதுவும் கொஞ்சம் சூடாகத் தொடங்கியிருக்கிறது.

லோரிக்காரனுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குக் கதை ஒன்றும் இல்லை. அப்பா சீக்கிரம் படுத்துவிட்டார், தம்பி தங்கைகள் வரிசையாக இருந்தார்கள், இவன் மூத்தவன். ஒவ்வொருவராகக் கரையேற்றி முடித்தபோது இவன் தலை நரைத்துவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனான். கேசரி சாப்பிட்டான், பஜ்ஜி சாப்பிட்டான், வீட்டுக்கு வந்தான். அத்தோடு சரி.

பிறகு கெமாஸில் அவனுடைய காற்சட்டையின் ஜிப் அறுந்தது. கெமாஸ் பக்கத்து ஆலையில் குலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ரயில் நிலையத்துக்கு அருகே பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடையில் நிறுத்தினான். கடையில் இருந்தவர் கணவனை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஜிப்பை மாற்றிக் கொடுத்து, இவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்து, காலின் நீளமும் சரியில்லை என்றாராம். அதன் பிறகு இவனுடைய காற்சட்டைகள் ஒவ்வொன்றாகக் கெமாஸுக்குப் போய்ச் சரியாகி வந்தன. கிழியாததெல்லாம் கிழிந்தது. போட்டுக்கொள்ள ஒன்றே ஒன்று மிஞ்சியபோதுதான் தைரியம் வந்து, அவருடைய தம்பியிடம் பேச்சை எடுத்திருக்கிறான். தம்பி அக்காவிடம் கேட்டுவிட்டு வந்து, அவர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

"இருவது வருஷம் ஒரு வீட்டுக்கு ஆக்கிப் போட்டாச்சு. இனிமே எனக்கு யாராச்சும் ஆக்கிப் போடட்டும். அவருக்கு ஆக்கத் தெரியுமான்னு நான் வந்து சாப்பிட்டுப் பாக்குறேன். அப்புறம் பதில் சொல்றேன்."

ஆகப் பெண் இவனைப் பார்க்க வருகிறார். இந்த முறை கேசரி இவன்தான்.

பாயின் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது லோரிக்காரனின் முகம் பிரேக் பிடிக்காத லோரியை ஓட்டுகிறவனின் முகமாக இருந்தது. பாய் உடனே வழி சொன்னான். கடையிலிருந்து கோழிப் பிரியாணி கட்டி அனுப்புகிறேன், உன் வீட்டுச் சட்டியில் மாற்றி வைத்துக்கொள் என்றான். லோரிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்யில் ஆரம்பித்தால் பிறகு தினமும் பிரியாணி கட்டி அனுப்ப வேண்டியிருக்கும் என்பது அவனுடைய வாதம். அதில் நியாயம் இருந்தது. சரி, உனக்கு என்னதான் தெரியும் என்று பாய் கேட்டான். லோரிக்காரன் ஒவ்வொன்றாகச் சொன்னான்: கிச்சாப் சோறு, டின் சார்டின், அவித்த மரவள்ளிக்கிழங்கு, கறுப்புக் காப்பியில் ஊற வைத்த பிஸ்கட்.

பாய் கண்ணை மூடிக்கொண்டான். "இதெல்லாம் பசிக்கு ஆக்குறது லா. பொண்ணுக்கு ஆக்குறது இல்ல."

நான்தான் யோசனை சொன்னேன். சாப்பாடு சின்னப் பிள்ளையாகவே நின்றுவிட்டது, அதை வளர்த்துப் பெரிய ஆளாக்கினால் போதும். அதே நான்கு, அதே கை, கொஞ்சம் அந்தஸ்து. பாய்க்கு இது பிடித்துவிட்டது. அவன் கடையில் பத்து வருடமாக ஒரே மெனு. மாற்றினால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்கிறார்கள். புதிதாக எதையாவது செய்ய அவனுக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது.

லாபுவில் லோரிக்காரன் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒத்திகை தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் செம்பனை, முன்னால் லோரி. சமையலறையில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று, கேஸ் அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, கரண்டி ஒன்று. பாய் தன் கடையிலிருந்து பாதியைக் காரில் ஏற்றி வந்தான்.

முதலில் கிச்சாப் சோறு. எங்கள் தோட்டத்தில் இது தெரியாத பிள்ளை இல்லை. சுடு சோற்றில் ஒரு கரண்டி மார்ஜரின் போட்டு, கறுப்புச் சோயாக் கிச்சாப்பை ஊற்றி, மழை பெய்த செம்மண் பாதையின் நிறம் வரும்வரை பிசைந்து தின்ன வேண்டியதுதான். பாய் அதற்குப் பாஸ்மதி அரிசி கொண்டு வந்தான், வெண்ணெய் கொண்டு வந்தான், சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துத் தூவினான், பூண்டை நசுக்கிப் போட்டான். நான் என் பங்குக்குக் காய்ந்த மிளகாயைக் கருக்கிப் போட்டேன். லோரிக்காரன் ஒரு வாய் தின்றுவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். கிச்சாப் சோறு எப்போது வரும் என்று கேட்டான்.

சார்டின் அதைவிட மோசமாகப் போனது. மாப்பிள்ளை வீட்டில் டின் திறக்கக் கூடாது என்று பாய் பிடிவாதமாக நின்றான். சிரம்பான் பசாரில் கெம்போங் மீன் வாங்கி, தக்காளி அரைத்துக் குழம்பு வைத்தோம். டின் மீனில் முள் மெத்தென்று கரையும். இதில் முள் முள்ளாகவே இருந்தது. லோரிக்காரன் வாய்க்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். அப்போதுதான் நான் கப்பல் அனுபவத்தை எடுத்துவிட்டேன். உண்மையில் கப்பலில் நான் வெங்காயம் உரித்ததும் குப்பை கொட்டியதும்தான் அதிகம். ஆனாலும் பிரஷர் குக்கரில் வைத்தால் முள் கரையும் என்று அங்கே ஒருவர் சொன்னது நினைவில் இருந்தது. வைத்தோம். எவ்வளவு நேரம் என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் இல்லை. திறந்தபோது முள் கரைந்திருந்தது. மீனும் கரைந்திருந்தது. பாய் கரண்டியால் அடிவரைக்கும் தேடிவிட்டு என்னைப் பார்த்தான். கடைசியில் டின்தான் திறந்தோம். பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், புளி கொஞ்சம், மேலே கறிவேப்பிலை. டின்னைக் குப்பைத் தொட்டியில் போடாமல் லோரியில் ஒளித்து வைப்பது என்று முடிவு செய்தோம்.

கிழங்கு மட்டும் தகராறு செய்யவில்லை. முன்பு அவித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவித் தின்போம். இப்போது அவித்ததைத் துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து, மிளகாய் அரைத்த நெத்திலிச் சம்பலில் பிரட்டினோம். ருசி பார்க்கிறேன் என்று ஆளுக்கு ஒரு கை எடுத்ததில் சட்டி காலியாகிவிட்டது. அதனால் அது எப்படி இருந்தது என்று பேசி முடிவெடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

பிஸ்கட்டை பாய் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கினான். காப்பியில் நனைத்த பிஸ்கட் ஒரு வரிசை, கெட்டிப்பால் ஒரு வரிசை, மறுபடியும் பிஸ்கட். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால், சாக்கடைக் கரைக்குப் பூசிய ஈரச் சிமெண்டைப் போல இருந்தது. பாய் அதன் மேல் சாக்லேட்டைத் துருவிப் போட்டான். இப்போது சிமெண்டின் மேல் மண் விழுந்தது போல இருந்தது. ஆனால் வாயில் வைத்ததும் மூவரும் கிண்ணத்தைத் தங்கள் பக்கம் இழுத்தோம்.

முட்டையை யாரும் கணக்கில் சேர்க்கவும் இல்லை, ஒத்திகை பார்க்கவும் இல்லை. கிச்சாப் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு முட்டை பொரித்து வைப்பது என்று மட்டும் பேசிக்கொண்டோம். முட்டையில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பியோடு ரயிலில் சிரம்பானில் வந்து இறங்கினார். லோரியில் போய் அழைத்து வருகிறேன் என்ற மாப்பிள்ளையை அடக்கி, பாய்தான் காரில் போய்க் கூட்டி வந்தான். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு எங்கள் சட்டையைப் பார்த்தார். என் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அதில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. தம்பி ரயில்வேயில் வேலை செய்கிறவர். நன்றாகப் பேசக்கூடிய மனிதர். வந்த ரயில் ஏன் தாமதமானது என்பதை முதல் காரணத்திலிருந்து விளக்கத் தொடங்கினார்.

பாயும் நானும் சமையலறைப் பக்கம் நகர்ந்தோம். திட்டப்படி பாய் கிழங்கு, நான் முட்டை, லோரிக்காரன் பரிமாறுவது.

"நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க," என்றார் அவர். "அவரு ஆக்கட்டும்."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். நாங்கள் கூடத்திலிருந்து அவருடைய தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சோறும் சார்டினும் காலையிலேயே நாங்கள் ஆக்கி வைத்துவிட்டோம். மீதியை லோரிக்காரன் செய்தான். கிழங்கைப் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துத் துள்ளினான். சம்பலைக் கிளறும்போது கரண்டி கீழே விழுந்தது. கூடத்தில் பாயின் கை அவன் மடியிலேயே கரண்டி இல்லாமல் கிளறிக்கொண்டிருந்தது.

பிறகு முட்டைக்கு வந்தான். ஒரு கிண்ணத்தில் மூன்று முட்டையை உடைத்து ஊற்றினான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கை அலமாரிக்குப் போயிற்று. கோதுமை மாவு டின் கீழே வந்தது. இரண்டு கரண்டி மாவு, ஒரு குவளைத் தண்ணீர், நறுக்கிய வெங்காயம். அடித்தான், சட்டியில் ஊற்றினான், சட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான், ஒரே வீச்சில் திருப்பிப் போட்டான். அன்றைக்கு அவன் தடுமாறாமல் செய்த ஒரே வேலை அதுதான். தட்டளவுக்கு, விரல் தடிமனில், மாநிறத்தில் ஒன்று வந்தது. கரண்டியின் விளிம்பாலேயே ஐந்தாக வெட்டினான். வெட்டி முடித்ததும், ஆகச் சின்னதாக வந்த ஓரத் துண்டைத் தனக்கென்று எடுத்து ஒதுக்கி வைத்தான்.

பாய் என் தொடையைக் கிள்ளினான்.

"முட்டையில என்ன போட்டீங்க?" என்று அவர் கேட்டார்.

"மாவு."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் பத்தணும்ல."

அவர் மேசையைக் காட்டினார். மேசையில் பாய் கடையிலிருந்து கொண்டு வந்த முட்டைத் தட்டு இருந்தது. மூன்று குழிதான் காலி. மீதி எல்லாம் நிறைந்து கிடந்தது. லோரிக்காரன் அதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அளவு சொல்கிறவரைப் போலத்தான் சொன்னார். "எங்க மாமியா வீட்லயும் மாவு போட்டுத்தான் சுடுவோம். சுடுறது நானு. கடைசியா திங்கிறதும் நானு. எனக்கு மிஞ்சுறது ஓரத்துத் துண்டு. அதுல முட்டையே இருக்காது, வெறும் மாவு. இனிமே அப்படித் திங்கக் கூடாதுன்னுதான் இம்புட்டு தூரம் வந்தேன்."

தம்பி ரயில் கதையை நிறுத்திவிட்டார். காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாஸ்மதி, வெண்ணெய், துருவிய சாக்லேட் எதுவும் இனி உதவாது. பாய் எழுந்து, பழக்கதோஷம் அக்கா, அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆரம்பித்தான். உங்களைக் கேட்கவில்லை பாய் என்று அவர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். தன் கடையில் யாரும் அவனை இவ்வளவு சீக்கிரம் உட்கார வைத்தது கிடையாது.

"தனியா இருக்குறப்பவும் மாவு போடுவீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கலாம். பாய் கூடத்திலிருந்து தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினான். லோரிக்காரன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"போடுவேன்," என்றான்.

"யாருக்குப் பத்துறதுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். அவனுடைய அம்மா விடியும் முன்னே மரம் சீவப் போய்விடுவார். எழுந்து பள்ளிக்கூடம் போகிற தம்பி தங்கைகளுக்கு இவன்தான் அடுப்பு மூட்டி முட்டை சுடுவான். இருக்கிறது ஒரு முட்டை, தின்னுகிற வாய் ஐந்து. இவனைத் தவிர அந்த வாய்கள் எல்லாம் இப்போது சொந்த வீட்டில், சொந்தக் காரில் இருக்கின்றன. தீபாவளிக்கு வந்து இவனுடைய சமையலைப் பற்றிச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

லோரிக்காரன் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தெரியல. கை போடுது."

அவர் எழுந்தார். புறப்படப் போகிறார் என்று நினைத்து நாங்களும் எழுந்தோம். அவர் நேராக அடுப்பருகே போய் மாவு டின்னை எடுத்தார். கொண்டு வந்து தம்பியின் மடியில் வைத்தார். "இத புடி. குடுக்காத," என்றார். தம்பி ரயில்வே சொத்தைக் காவல் காப்பவர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஒண்ணு பொரிங்க. ஒத்த முட்ட. ஒண்ணும் போடாம."

லோரிக்காரன் ஒரு முட்டையை எடுத்துச் சட்டியில் உடைத்து ஊற்றினான். ஊற்றிய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிப்பதற்கு ஒன்றும் இல்லை, சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. கை ஒரு முறை அலமாரிப் பக்கம் போய், அங்கே டின் இல்லாததைப் பார்த்துத் திரும்பி வந்தது. ஓரம் முறுகி வாசம் வந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தான். பெரிய தட்டின் நடுவில் அந்த ஒற்றை முட்டை வழி தவறி வந்ததைப் போல இருந்தது. இரண்டு கையாலும் தட்டை அவரிடம் நீட்டினான்.

"எனக்கு இல்ல. நீங்க சாப்பிடுங்க."

அவன் தட்டைத் தம்பியிடம் நீட்டினான். தம்பியின் இரண்டு கையிலும் டின். பாயிடம் நீட்டினான், என்னிடம் நீட்டினான். கொஞ்சம் பிய்த்துக்கொள்ளுங்கள் என்று கண்ணால் கேட்டான். பாய்க்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டு உதவலாம் என்றுதான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல் லோரிக்காரன் நின்றபடியே தின்றான். மஞ்சள் கரு உடைந்து மணிக்கட்டு வரை வழிந்தது. மருந்து குடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல நாங்கள் நான்கு பேரும் அவனைப் பார்த்தோம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதியே போதும் போல."

அப்போதுதான் அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பழகிக்கலாம்," என்றார். பிறகு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். "இப்ப எனக்கு ஒண்ணு."

அவருக்குப் பொரித்தபோது கரு உடைந்துவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. முழு முட்டையையும் கடைசித் துணுக்கு வரை தின்றார். பாயின் சோற்றைக் கொஞ்சம் தின்று பார்த்துவிட்டு, இது யார் ஆக்கியது என்று கேட்டார். பாய் பெருமையோடு நிமிர்ந்தான். அதுதான், கடைச் சோறு மாதிரி இருக்கிறது என்றார். பாய் நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே இருந்தான். சார்டின் நன்றாக இருக்கிறது, எந்த டின் என்று கேட்டார். பிஸ்கட் கிண்ணத்தைத் தம்பி, மாவு டின்னை மடியிலிருந்து இறக்காமலேயே, பாதிக்கு மேல் காலி செய்தார். ஐந்தாக வெட்டிய மாவு முட்டையை நானும் பாயும் தின்றோம். சொன்னால் என்ன, அது அருமையாக இருந்தது.

புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே லோரிக்காரனிடம் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம கெமாஸுக்கு வாங்க. எங்க வீட்டு அடுப்புல ஆக்குங்க." எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இவங்க ரெண்டு பேரும் வேணாம்."

பாய் அந்த வாரம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டான். காரில் கூட்டி வந்தவன், முட்டை கொடுத்தவன், இப்போது வேண்டாதவன். ஆனாலும் லோரிக்காரன் ரயில் ஏறும்போது, என்ன சந்தேகம் வந்தாலும் உடனே கூப்பிடு என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவன் கடையில் கைப்பேசியை மேசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்து போனது. கைப்பேசி அடிக்கவில்லை. ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டுதான் இருப்பான், வெட்கப்பட்டுக் கூப்பிடாமல் இருக்கிறான் என்றான் பாய். தேநீர் ஆறியது. பாய் ரொட்டிக்காரனைக் காரணமில்லாமல் திட்டினான். கைப்பேசி அடிக்கவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் லோரிக்காரனே கடைக்கு வந்து உட்கார்ந்தான். என்ன ஆக்கினாய் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். முட்டை என்றான். வேறு என்ன என்று கேட்டோம். முட்டைதான் என்றான். ஆளுக்கு ஒன்று.

"அவங்க என்னதான்டா சொன்னாங்க?" என்றான் பாய்.

"ரிஜிஸ்டர் பண்ண எனக்கு எப்ப லீவு கெடைக்கும்னு கேட்டாங்க," என்றான் லோரிக்காரன். "சாட்சிக்கு நீங்க ரெண்டு பேரும் வரலாமாம். கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம்."

விருந்துக்கு யார் ஆக்குவது என்று பாய் கேட்டான். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றான் லோரிக்காரன்.